வீடு தெரியுதுங்க, வழிதான் தெரியலீங்க

அம்மா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். இனி நீங்கள் யாரிடமும் எதையும் காட்டப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படிக் கேட்டுக்கொள்ளாமல் எழுதத் தொடங்க முடியவில்லை. ஒருவேளை இந்தத் தாள்கள் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களையும் கெஞ்சிக் கேட்கிறேன், மடித்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மாமாவுக்குத் தெரியக் கூடாது. அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

அறை விளக்கைப் போட்டால் கதவுக்கு அடியில் வெளிச்சம் போகும். வெளியே முன்கூடத்து ஆசாரத்தில் அப்பா பாயில் படுத்திருக்கிறார். தூங்கினாரா என்று தெரியவில்லை. அதனால் உங்கள் கார்ப் பெட்டியின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கண்ணாடியில் ஒட்டிவைத்து வழி கேட்பீர்களே, அந்தப் பெட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காரைத் திறந்தேன். நீங்கள் போனதிலிருந்து யாரும் திறக்கவில்லை. மூட்டு வலித் தைலமும், வாந்தி வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் எலுமிச்சம்பழமும் சேர்ந்த வாசனை முகத்தில் அடித்தது. எலுமிச்சம்பழம் காய்ந்து கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் ஏதோ சவாரி முடித்து இப்போதுதான் இறங்கிப் போனது போல.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது அம்மா. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அப்பா ஒரே பதிலைச் சொல்கிறார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர்கள் போன பிறகு டம்ளரைக் கழுவுகிறேன். அடுத்த வண்டிச் சத்தம் கேட்கிறது.

இந்தப் பெட்டி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பெங்களூரிலிருந்து வந்து நம் வாடகைக் காரில் ஒரு வாரம் சுற்றிய குடும்பம், புதிது வாங்கிவிட்டோம் என்று பழையதை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. அது தமிழில் பேசியது. 'நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்' என்று அது சொன்னால் நீங்கள், "சரிங்க அம்மணி" என்பீர்கள். திரும்பி முடித்ததும், "திரும்பிட்டனுங்க" என்று தகவலும் சொல்வீர்கள். அது சொன்ன திருப்பத்தை விட்டுவிட்டால், "மன்னிச்சுக்கோங்க, லாரிக்காரன் உடமாட்டேன்னுட்டான்" என்று காரணம் சொல்வீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் பயந்துவிடுவார்கள். விமான நிலையத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "ஏம்மா, போன்ல பேசிட்டே ஓட்டாதம்மா" என்று கண்டித்தார். நீங்கள், "போனில்லீங்க, இந்த அம்மணிகிட்டத்தான் பேசறேன். பாவம், காலைலருந்து கத்திட்டே வருது, ஒரு பதிலாவது சொல்ல வேண்டாங்களா?" என்றீர்கள். அவர் கோபி வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அப்பாவுக்கு மட்டும் அந்தப் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை. "நான் சொன்னா ஒண்ணுங் கேக்கறதில்ல. அந்த அம்மணி சொன்னா மட்டும் மறுபேச்சுப் பேசாமத் திரும்பற" என்பார். நீங்கள், "நீங்க நூறு மீட்டருக்கு முன்னாலயே சொல்லிப் பாருங்க, நானுந் திரும்பறேன்" என்பீர்கள். அப்பா சிரித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து நாளாகிவிட்டது.

முதல் முதலாக அதில் நம் வீட்டைப் பதிந்துவைத்தீர்கள். கோபியிலிருந்து திரும்பும்போது, "இன்னிக்கு வழிய நம்ம சொல்லக் கூடாது, அது கூட்டிட்டுப் போகட்டும்" என்றீர்கள். தண்ணீர் டேங்கைத் தாண்டி நாம் எப்போதும் திரும்புகிற சிமெண்ட் தடத்துக்கு அது திரும்பச் சொல்லவில்லை. இன்னும் தூரம் போகச் சொல்லி, கிழக்கே இருக்கிற இட்டேரிக்குள் திருப்பியது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி மட்டும் போகிற அகலம். "அட, இது இட்டேரியாச்சே" என்றீர்கள். ஆனால் அது நேராகப் போகவும் என்றது. நீங்களும் போனீர்கள். முள் கார்க் கதவைக் கீறும் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. கடைசியில் ஓடை வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் நம் வீட்டுக் கூரை. துணி காய்கிற கொடிகூடத் தெரிந்தது. பாலம் இல்லை, தடம் இல்லை. பெட்டி, 'நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்' என்றது.

"ஏனுங்க அம்மணி, மிச்சத்த நீந்தியா போவோணும்?" என்று கேட்டீர்கள்.

எருமை மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நீங்களுமா? போன வாரம் கேஸ் வண்டி வந்து நின்னுதுங்க. அதுக்கு முன்னால கூரியர்காரன். உங்க ஊட்டுக்கு வர்றவிய எல்லாம் என்ற எருமையத்தான் மொதல்ல பாக்கறாங்க."

காரைத் திருப்ப இடமில்லை. அந்த இட்டேரி முழுவதும் பின்னாலேயே ஓட்டினீர்கள். நான் இறங்கி நின்று வலது, இடது என்று கத்தினேன். வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்கிய பிறகு நீங்கள் பெட்டியைத் திட்டவில்லை. "வானத்துல இருந்து பாத்தா அதுக்கு நம்மூடும் இட்டேரியும் பக்கத்துல தெரியும் கண்ணு. ஓடைல தண்ணி ஓடறது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள்.

அன்றிலிருந்து அது உங்கள் வேலையாகிவிட்டது. யார் வருவதாக இருந்தாலும், "மேப்பப் பாக்காதீங்க. தண்ணி டேங்க் வந்ததும் நின்னு எனக்கு ஒரு போன் போடுங்க" என்பீர்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள், போர்வெல் வண்டி, உரம் இறக்குகிற டெம்போ, எல்லாருக்கும் அதே பேச்சு. நீங்கள் சவாரியில் இருந்தால்கூட எங்கேயோ வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொல்வீர்கள். அப்பா தோட்டத்தில் இருப்பார். அவருக்கு இதெல்லாம் உங்கள் சவாரிப் பேச்சில் ஒன்று. வண்டிகள் ஓடைப் பக்கம் போய் மாட்டிக்கொள்வது அவருக்குத் தெரியும். ஆனால் அது மேப்பின் தப்பு என்று தெரியாது, வழி கேட்காமல் வந்து தவறிய வண்டிகள் என்று நினைத்திருந்தார்.

பவானிக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனதையும் நினைத்துக்கொள்கிறேன். அன்று எனக்குப் பள்ளி விடுமுறை, முன் சீட்டில் இருந்தேன். மண்டபத்தின் பெயரைப் போட்டால் பெட்டி ஆற்றின் அந்தக் கரைக்குக் கூட்டிப் போய்விட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை பின்னாலிருந்து, "பொம்பள ஓட்டற வண்டி வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தான?" என்றார். மாப்பிள்ளை பெட்டியைப் பிடுங்கி வெளியே எறியப் போனார். நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். "பொட்டியத் திட்டாதீங்க, அது ஊரப் பாத்ததில்ல. பாத்தவ நானு. நான்தானுங்க எறங்கிக் கேட்டிருக்கோணும்." பிறகு டீக்கடையில் நிறுத்தி, "ஏனுங்க" என்று ஒரு குரல் கொடுத்தீர்கள். நாலு பேர் எழுந்து வந்து நாலு வழி சொன்னார்கள். அதில் ஒன்றில் போய்ச் சேர்ந்தோம். அந்த அத்தை இறங்கும்போது, "ஓட்டறது நல்லாத்தான் ஓட்டற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அதை அவர் மாதிரியே பேசிக் காட்டினீர்கள்.

அந்தச் சாயங்காலத்துக்கு வர வேண்டும். எப்படியும் வந்துதான் ஆக வேண்டும்.

விமான நிலையச் சவாரி முடித்து வந்தீர்கள். காரிலிருந்து இறங்கித் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தீர்கள். நெஞ்சை என்னவோ இறுக்குகிறது என்றீர்கள். சோடா கேட்டீர்கள். சோடா வருவதற்குள் சாய்ந்துவிட்டீர்கள். உங்கள் தலை என் மடியில் இருந்தது. காரும் சாவியும் அங்கேயே இருந்தன. அதை ஓட்டத் தெரிந்த நீங்கள் என் மடியில் கிடந்தீர்கள். அப்பாவுக்கு டிராக்டரும் மாட்டு வண்டியும் தவிர வேறு ஓட்டத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அப்பா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் டிரைவர் அவரிடம் லொகேஷன் கேட்டார்.

அப்பாவுக்கு அதை அனுப்பத் தெரியும். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போகும் வழியில் அவர் டிராக்டர் நின்றுபோனபோது. அவருக்குப் போனில் தெரிந்த பெரிய வித்தை அது ஒன்றுதான். அதைச் சரியாகச் செய்தார். "அனுப்பிச்சுட்டனுங்க. என்ற ஊட்டுல நின்னு அனுப்பிச்சிருக்கறேன், தப்பாது. அதையே பாத்து வாங்க" என்றார். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஓடை நினைவுக்கு வரவில்லை.

அதையே பார்த்து அவர் வந்தார்.

ஓடைக்கு அக்கரையில் வேலிகளுக்கு மேலே சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுற்றுவதைப் பார்த்தேன். சைரன் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. அப்பாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் இருந்தது. "அண்ணா, உங்க ஊடு தெரியுதுங்க. நீங்க நிக்கறதே தெரியுது. வழிதான் தெரியலீங்க." அப்பா, "சுத்தி வாங்க, டேங்க் வழியாச் சுத்தி வாங்க" என்று கத்தினார். அப்போது வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், ஓடை நிறையப் போய்க்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் இட்டேரிக்குள் பின்னால் பின்னால் போனது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. அன்றைக்கு நீங்கள் ஓட்டிய அதே வழியில், இருட்டில், பெரிய வண்டி.

அந்த டிரைவர் வண்டியில் இல்லை அம்மா. உடன் வந்தவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு ஓடையில் இறங்கியிருக்கிறார். மார்பளவு நனைந்து, ஒரு காலில் செருப்பு இல்லாமல் நம் வாசலுக்கு ஓடி வந்தார். என் மடியிலிருந்து உங்களைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார். வண்டி சுற்றி வந்து சேரும் வரை நிறுத்தவில்லை. அவர் தலையிலிருந்து சொட்டிய ஓடைத் தண்ணீர் உங்கள் சேலையில் விழுந்துகொண்டிருந்தது. "அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கங்க, வந்துருச்சு, வந்துருச்சு" என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் பொறுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்த டிரைவர் வேலையில் இல்லை. வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து வழி சரியாக அனுப்பியும் டிரைவர் அதைப் பார்க்காமல் வேறு வழியில் போனார் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவரை ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள். மாமாதான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் அண்ணன் அல்லவா, அவருக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கிறது. "உடக் கூடாதுங்க மாப்பிள்ள. என்ற தங்கச்சி உசுரு அவனுக்கு வெளையாட்டாப் போச்சு" என்கிறார். அப்பா தலையை ஆட்டுகிறார்.

முந்தாநாள் அந்த டிரைவர் வந்தார். டேங்க் வழியாகச் சரியாக வந்தார். வாசலில் நின்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. "அங்கயே நில்லுங்க. உள்ள வர வேண்டாமுங்க" என்றார். அவ்வளவு கோபத்திலும் அவருக்கு 'ங்க' போடாமல் பேச வரவில்லை. டிரைவர் போனை நீட்டி, "நீங்க அனுப்புன லொகேஷன்லதானுங்க அண்ணா வந்தேன். அது காட்டுன வழியிலதான் வந்தேன். பாருங்க" என்றார்.

"என்ற ஊட்டு வழி எனக்குத் தெரியாதுங்களா? ஓடைக்குள்ள வாங்கன்னா நான் அனுப்புனேன்?"

"நீங்க அனுப்பலீங்க. அது..." என்று தொடங்கிய டிரைவர், என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பாதியில் ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இன்று புரிகிறது. முழுதும் சொன்னால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார்.

இன்று அப்பா குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்து, அன்றைக்கு அனுப்பிய லொகேஷனைத் தொட்டுப் பார்த்தேன். புள்ளி சரியாக நம் வாசலில் இருக்கிறது. டவுனிலிருந்து வழி கேட்டால் நீலக் கோடு டேங்கைத் தாண்டி, இட்டேரிக்குள் போய், ஓடையில் முடிகிறது. பெட்டியிலும் அதே கோடுதான். அப்பா அனுப்பியது வீட்டை. வழியை அல்ல. போன் வழியைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. வீட்டில் நின்று அனுப்பினால் வழியும் சேர்ந்து போகும் என்று அவர் நம்பிவிட்டார். இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

சொல்லாவிட்டால், ஓடையில் இறங்கி ஓடி வந்த ஒருவர் செய்யாத தப்புக்கு வேலையை இழப்பார். சொன்னால், அந்தச் சாயங்காலத்தில் தான் ஒன்றையாவது சரியாகச் செய்தோம் என்று அப்பா பிடித்துக்கொண்டிருப்பது போய்விடும். அவருக்கு வேறு பிடிமானம் இல்லை அம்மா. சாப்பிடுவதில்லை. உங்கள் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொன்ன பிறகு அவர் என்ன செய்வார் என்பதுதான் என் முதல் பயம். மாமா என்னை என்ன சொல்வார் என்ற பயம் அதற்கு அடுத்ததுதான்.

நீங்கள் இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று பலவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் வார்த்தைகள் என் வாயில் சரியாக வரவில்லை. நீங்கள் யாரையும் குற்றம் சொல்லாமல் வண்டியைத் திருப்பிவிடுவீர்கள். எனக்கு இன்னும் திருப்பத் தெரியவில்லை.

நீங்கள் செய்துவந்ததில் ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் போன் செய்தால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு டேங்கடிக்குப் போய்விடுகிறேன். அவர்கள் வண்டி தெரிந்ததும் கையைக் காட்டுகிறேன். முன்னால் ஓட்டிக்கொண்டு வருகிறேன், அவர்கள் பின்னால் மெதுவாக வருகிறார்கள். யாரும் என்னை அனுப்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வெயிலில் நிற்கும்போது கால் கடுக்கிறது. ஆனாலும் நிற்கிறேன். உங்களுக்குப் பிறகு ஒரு வண்டிகூட அந்த ஓடைக்குப் போகவில்லை. இது என்னிடம் இருக்கும், நான் இந்த வீட்டில் இருக்கும் வரை. அதற்குப் பிறகும்

கதவு.

தட்டுகிறார்கள். அப்பாதான்.

"கண்ணு, முழிச்சிருக்கறயா?"

பெட்டியின் வெளிச்சத்தைக் கையால் மறைத்தேன்.

"நீ தூங்கலைன்னு தெரியும். இன்னிக்குச் சாயங்காலம் அந்த இட்டேரிக்குள்ள நடந்து பாத்தேன் கண்ணு. வண்டித் தடம் இன்னும் அப்படியே இருக்குது. வேலிலெல்லாம் கண்ணாடித் தூளு. பொய் சொல்றவன் இவ்வளவு தூரம் உள்ள வருவானா? நாளைக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால யாராச்சும் எனக்குச் சொல்லோணும். நான் அனுப்புனதுல என்ன தப்பாப் போச்சு? உனக்குத் தெரியுமா?"

எழுந்திருக்கிறேன் அம்மா. தெரியும் என்று சொல்லப் போகிறேன். கதவைத் திறந்ததும் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம்